ஆயருக்கு ஒரு ஜோடி

மேட்டுக்காலனிக்குப் பணம் கேட்டு வரும்போது மட்டும் கோவில்காரர்களுக்கு எந்த ஒயரும் தலையில் இடிப்பதில்லை என்று இன்பராஜ் சொல்வான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டான். கேட்பவர்களுக்கு அது கிண்டலா கோபமா என்று புரியாது. அவன் பெண்டாட்டி அமலோற்பவத்துக்கு மட்டும் நன்றாகப் புரியும்.

விஷயம் இதுதான். சந்தியாகப்பர் கோவில் தேர் திருவிழா அன்று ஊர்த்தெருவெல்லாம் சுற்றிவிட்டு, தோல் பதனிடும் டேனரியின் தண்ணீர் ஓடுகிற ஓடைப் பாலத்தோடு திரும்பிவிடும். பாலத்துக்கு இந்தப் பக்கம் காலனி. ஏன் வருவதில்லை என்று இன்பராஜ் ஒரு வருஷம் போய்க் கேட்டான். கரண்ட் ஒயர் தாழ்வாகத் தொங்குகிறது, தேர் உச்சியில் நிற்கிற சம்மனசின், அந்தத் தேவதூதனின், இறக்கை மாட்டிக்கொள்ளும் என்றார்கள். சரியென்று மின்சார ஆபீசுக்கு நடையாய் நடந்து, லைன்மேனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்து, ஒயரை இழுத்துக் கட்டவைத்தான். அடுத்த வருஷம் ரோடு சரியில்லை என்றார்கள். ரோடு போட அவனால் முடியுமா? அன்றோடு கோவிலை விட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை மணி அடித்தால் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொள்வான்.

அமலோற்பவம் விடவில்லை. அவள் சூசையப்பர் அன்பியத்தின் தலைவி. அன்பியம் என்றால் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து வாரம் ஒருநாள் ஜெபமாலை சொல்லும் கூட்டம். காலனி முழுக்க அவள் அன்பியம்தான். பகலெல்லாம் ஷூ கம்பெனி லைனில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகமான அப்பர் தைப்பாள். கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் முகத்தைக் கழுவிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். யார் வீட்டில் ஞானஸ்நானம், யார் குடித்துவிட்டு அடிக்கிறான், யார் மகள் பரீட்சையில் தேறினாள், எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அவ்வளவு செய்தும் பெரிய பூசையில் ஒருநாளாவது அவளைப் பீடத்துப் பக்கம் கூப்பிட்டதில்லை. அவளும் அதை ஒரு குறையாக வெளியே சொன்னதில்லை. உள்ளே இருந்தது.

ஐப்பசி மழை பிடித்திருந்த சமயத்தில்தான், பல ஊர்க் கோவில்களைச் சேர்த்து ஆயர் ஆளும் மறைமாவட்டத்தின் நிதி திரட்டும் திட்டம் வந்தது. பளபளவென்று புத்தகம், திரை கட்டிப் படம், வீட்டுக்கொரு காணிக்கைக் கவர். கூட்டம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது இன்பராஜ் களி கிண்டி வைத்துவிட்டுக் கறிக்குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பாதி நாள்தான் வேலை. டேனரியில் குரோம் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்துப்போனபின், ரஷீத் அஹமது பாயின் சின்ன ஷூ யூனிட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வந்துவிட்டான்.

"இன்னா, கவர் குத்தாங்களா?" என்றான்.

"குத்தாங்க. இந்தத் தபா வேற மாதிரி. மூணு வருஷத் திட்டம். கூரை இல்லாத கோவிலுக்குக் கூரை, உபதேசியாருங்களுக்குச் சம்பளம், வயசான சாமியாருங்களுக்கு ஒரு வீடு. படம் போட்டுக் காட்னாங்க. ஜவ்வாது மலைல ஒரு கோவில், மழை பூரா பீடத்து மேல ஊத்துது. பாத்தா அழுவ வருது."

"நம்ம ரோடு படத்துல வந்துச்சா?"

"அத்த ஏன்யா இழுக்கறே?"

"நான் எங்க இழுத்தேன். அது அங்கயேதான் நிக்குது."

அவள் களியை உருட்டித் தட்டில் வைத்தாள். இவனிடம் வாயைக் கொடுத்தால் சோறு இறங்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"ஆயர் வர்றாரு, தொடங்கி வெக்க. ஃபாதர் இன்னா சொன்னாருன்னா, ஒவ்வொரு அன்பியமும் அவங்கவங்க உழைப்புல இருந்து ஒரு பொருள எடுத்தாரணுமாம். காணிக்கைப் பவனில வரிசையா வந்து ஆயர் கையில குடுக்கணுமாம். நம்ம அன்பியமும்தான். பேர் சொல்லிக் கூப்புடுவாங்களாம், மைக்ல."

இன்பராஜ் கை தட்டிலேயே நின்றது. "பீடத்து கிட்டயா?"

"பீடத்து கிட்ட."

"காலனியையா?"

"அதான் சொல்றேனே."

அவன் களியைக் குழம்பில் தொட்டுத் தின்றான். வெளியே மழை தகரத்தில் விழுந்தது. ஓடை நாற்றம் மழையில் ஜாஸ்தியாகி வாசல்வரை வந்தது.

"நெல்லு போடறவன் நெல்லு எடுத்துனு போவான். மாடு வெச்சிகினு இருக்கறவன் பால் எடுத்துனு போவான். நாம இன்னா எடுத்துனு போறது?" என்று அவள் கேட்டாள். "அதான் ரோசனையா இருக்குது. எதனா பழம் வாங்கினு போலாமான்னு பாக்கறேன்."

"பழம் நீ வெளைய வெச்சியா?"

"இல்ல."

"அப்பறம் இன்னா பழம். ஷூ தெச்சிக் குடுக்கலாம்."

அமலோற்பவம் தட்டைக் கீழே வைத்தாள். "கோவிலுக்குள்ள செருப்பையா? வாசல்ல கழட்டிப்போட்டுட்டு போற எடத்துல?"

"கால் படாத வரைக்கும் அது செருப்பா? சரக்கு. நீ லைன்ல ஒக்காந்து தெக்கறியே, அத்த செருப்புன்னா நெனச்சித் தெக்கறே? கைய கழுவித் தொடச்சிட்டுத்தானே தொடறே? ஒரு எண்ணெ சொட்டுப் பட்டா சூப்பர்வைசர் இன்னா ஆட்டம் ஆடறான். நெல்லுக்கு அந்த மரியாத உண்டா?"

அவன் சொன்னது அவளுக்குச் சரியாகவே பட்டது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் சரியாகத்தான் படும். புது ஷூவைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துத் துடைத்துப் பெட்டியில் போடுகிற வீடுகள் அங்கே எத்தனையோ. தைத்த சரக்கையும் வாசலில் கழற்றிப்போட்ட செருப்பையும் ஒன்றாகச் சேர்த்து அவர்கள் யோசிப்பதில்லை.

"நானும் வர்றேன்," என்றான் இன்பராஜ்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரே தபா. நீ சொல்றேன்னு வர்றேன். இதுக்கும் எதனா நொட்ட சொன்னாங்கன்னு வெச்சிக்கோ, அப்பறம் நான் செத்தாக்கூட என்ன அங்க தூக்கினு போவாத."

"வாயக் கழுவுய்யா."

"சொல்லிட்டேன்."

அன்று ராத்திரி அவள் ஜெபமாலையை முழுசாகச் சொன்னாள். அவன் கோவிலுக்கு வர வேண்டும் என்று பத்து வருஷமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. இது கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமே என்ற பயமும் அதோடு சேர்ந்தே வந்தது.

மறுநாளே பங்குச் சாமியாரிடம் போனாள். ஃபாதர் பிரகாசம் இளவயசுக்காரர். கெட்ட மனிதர் இல்லை. கணினியில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து கேட்டார்.

"ஷூவா? அருமையான யோசனைம்மா. தொழிலாளியோட உழைப்பு பீடத்துக்கு வர்றதுதானே இந்தத் திட்டமே. செய்யுங்க, செய்யுங்க."

"கோவிலுக்குள்ள செருப்புன்னு யாராச்சும்..."

"யாரும்மா சொல்லப் போறாங்க? நான் இருக்கேன் இல்ல?"

ஆயரே போட்டுக்கொள்ளும்படி தைப்பது என்று முடிவு செய்தார்கள்; அவர் கால் அளவுதான் தெரியவில்லை. போன வருஷம் உறுதிபூசுதலுக்கு ஆயர் வந்தபோது பங்குச் சாமியார் பங்களாவைப் பெருக்கப் போனவள் அமலோற்பவம். வராந்தாவில் கிடந்த அவர் செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்திருக்கிறாள். "ஒரு ஜாணும் மூணு விரலும் இருந்துச்சு" என்று கையை விரித்துக் காட்டினாள். இன்பராஜ் அவள் ஜாணைத் தன் டேப்பில் அளந்து, "எட்டு" என்றான். "ஆயர் ஆண்டவர் கால அளந்த மொதப் பொம்பள நீதான்," என்றான். பல நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

ரஷீத் பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு அலமாரியைத் திறந்தார். வெளிநாட்டு ஆர்டரில் மிச்சம் விழுந்த கன்றுத்தோல் ஒன்று சுருட்டி வைத்திருந்தது. காப்பிக்கொட்டை நிறம், எங்கும் ஒரு கீறல் இல்லை.

"உங்க பெரிய சாமியாருக்கா? அப்ப இத்த எடு. கம்மியான தோல்ல செஞ்சி என் பேரக் கெடுக்காதே."

"பாய், இதுக்கு துட்டு?"

"அல்லாவுக்குக் கணக்குத் தெரியும், நீ போய் வேலயப் பாரு."

வேலை முடிந்த பிறகு ஒரு வாரம் அவர்கள் அந்த யூனிட்டிலேயே இருந்தார்கள். இன்பராஜ் தோலை விரித்து, முதுகுப் பக்கத்தில் எங்கே இழுவை கம்மி என்று கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்து வெட்டினான். ஓரங்களைச் சீவி மெலிதாக்கிக் கொடுக்க, அமலோற்பவம் மிஷினில் உட்கார்ந்து தைத்தாள். கம்பெனியில் அவள் ஒரு அப்பரின் ஒரு பக்கத் தையலை மட்டும்தான் நாள் முழுக்கப் போடுவாள். மீதியை அடுத்தவள், அதற்கடுத்தவள் போடுவார்கள். ஒரு ஷூ முழுசாக ஆவதை இத்தனை வருஷத்தில் அவள் பார்த்ததில்லை. இப்போதுதான் பார்த்தாள். இன்பராஜ் அதைக் கால் வடிவ அச்சில் மாட்டி, குறடால் இழுத்து, ஆணி அடித்து, பேஸ்ட் தடவி, சோல் ஒட்டி, ஓரத்தைக் கையாலேயே தைத்தான். பாதி வேலையில் கையைப் பிடித்துக்கொள்ளும். உதறிவிட்டு மறுபடி பிடிப்பான்.

"லைன்ல குடுத்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்," என்றாள் அவள்.

"லைன்ல குடுக்கறதுக்கா இவ்ளோ நாள் கழிச்சி போறேன்?"

அவளோடு லைனில் உட்காரும் பில்கிஸ் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு வாயில் விரலை வைத்தாள். "அக்கா, இத்த அவர் போட்டுக்குவாரா இல்ல கண்ணாடி பொட்டில வெச்சிக்குவாரா?" என்றாள். அமலோற்பவத்துக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமைப்படுவது பாவம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே பெருமைப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. இன்பராஜ், தன் மகள் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். ஷூவை வெள்ளைத் துணி விரித்த தட்டில் வைத்து, துணியாலேயே மூடி, அவனே தூக்கிக்கொண்டு வந்தான். பாலத்தைத் தாண்டும்போது காலனிக்காரர்கள் பின்னால் சேர்ந்து வந்தார்கள். ஒரு பொம்பளை குலவைகூடப் போட்டாள். அமலோற்பவம் பட்டுப்புடவை கட்டியிருந்தாள்; முந்தானையில், திட்டத்துக்காக அன்பியம் சேர்த்த முதல் தவணைக் காசு முடிந்திருந்தது.

கோவில் வாசலில் மற்ற அன்பியக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். நெல், வாழைத்தார், பால்குடம், ஒரு பூசணிக்காய், கால் கட்டின சேவல். பங்குப் பேரவைத் துணைத்தலைவர் மரியசூசை சார் ஒவ்வொன்றாகப் பார்த்து வரிசைப்படுத்திக்கொண்டு வந்தார். ரிட்டயரான தலைமையாசிரியர். இன்பராஜிடம் ரோடு சரியில்லை என்று சொன்னவரும் அவர்தான்.

"இது இன்னா?" என்று துணியைத் தூக்கினார். அப்படியே மூடினார். "இன்னாம்மா இது, செருப்பைக் கொண்டாந்திருக்கறே?"

"ஷூ சார். நாங்களே தெச்சது. ஃபாதர் சொல்லித்தான்..."

"ஃபாதர் சின்னப் பையன், அவருக்கு இன்னா தெரியும்? திவ்விய நற்கருணை வைக்கற எடத்துல செருப்பை வெப்பியா நீ? உன் வீட்டு மாதா படத்துகிட்ட வெப்பியா?"

"போடாத சரக்கு சார்," என்றான் இன்பராஜ். குரல் அமைதியாகத்தான் இருந்தது. "ஒரு கால் படல."

"நீ அந்தத் தொழில்லயே இருக்கறே, ஒனக்கு அது வித்தியாசமாத் தெரியாதுப்பா. மத்தவங்க மனசையும் பாக்கணும் இல்ல. ஆயர் வர்ற நேரத்துல பிரச்சினை பண்ணாத. உங்கள ஒதுக்கறோம்னு நெனச்சிக்காதே. உங்களுக்கும் எடம் இருக்குது, பொருள் மட்டும்தான் மாத்தறோம்."

அவர் கண் காட்டினார். கோவில் வேலை பார்க்கும் கோவில் பிள்ளை ஓடிப்போய்க் கண்ணாடித் தாள் சுற்றின பழத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். ஆப்பிள், ஆரஞ்சு, மேலே ஒரு ரோஜா. யாருக்காவது கைவசம் எதுவும் இல்லாமல் போனால் கொடுக்க வாங்கி வைத்தது. இன்பராஜின் கையிலிருந்த தட்டை அவன் வாங்கிக்கொண்டான். வாங்கி, சுவர் ஓரமாக, எல்லோருடைய செருப்பும் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தான். பழத்தட்டு அமலோற்பவத்தின் கையில் இருந்தது.

உள்ளே காணிக்கைப் பாட்டு தொடங்கிவிட்டது. வரிசை நகர்ந்தது. முன்னால் பூசணிக்காய் போனது, பின்னால் சேவல் தள்ளியது. மைக்கில், "அடுத்து, புனித சூசையப்பர் அன்பியம், நமது தோல் தொழிலாளர்கள்" என்றார்கள். அந்தப் பெயரை அந்த மைக்கில் கேட்க அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள்! கால் தானாக நடந்தது. நடந்தாள் என்பதே நடுக்கோவில் வந்தபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. திரும்பியிருக்கலாம். தட்டைப் பக்கத்து பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போயிருக்கலாம். அவள் திரும்பவில்லை. ஆயர் சிரித்த முகமாகப் பழத்தட்டை வாங்கி, அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார். பக்கத்தில் நின்ற ஃபாதர் பிரகாசம் பழத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு குனிந்து பூசைப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினார். போட்டோ எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது வாசலைப் பார்த்தாள். இன்பராஜ் நிலைக்கு வெளியே நின்றபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பூசை முடிந்து போனபோது அவன் இல்லை.

பூசைக்குப் பிறகு கோவில் முற்றத்தில் ஏலம். காணிக்கையாக வந்த பொருளையெல்லாம் ஏலம் விட்டு அந்தப் பணத்தைத் திட்டத்தில் சேர்ப்பது ஏற்பாடு. சேவல் போனது, பூசணி போனது. அப்புறம் மரியசூசை சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு கையை உயர்த்தினார். கையில் ஷூ.

"அன்பு மக்களே, ஒரிஜினல் கன்னுக்குட்டித் தோல்! எக்ஸ்போர்ட் தரம்! நம்ம காலனி சகோதரருங்க கையால தெச்சது. கடையில போனா இந்தச் சரக்கு கெடைக்காது!"

பீடத்துக்குப் போகும்போது செருப்பு. ஏலத்துக்கு வந்தால் சரக்கு. அமலோற்பவம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கூட்டத்தில் யாரோ, "சைஸ் இன்னா சார்?" என்று கேட்டான். சிரித்தார்கள். துணைத்தலைவரின் மருமகன் ஒரு விலை சொன்னான். வேறொருவன் ஏற்றினான். மருமகன் ஷூவை வாங்கி, சோலை வளைத்துப் பார்த்து, நகத்தால் தோலைக் கீறிப் பார்த்தான்.

அவள் கையைத் தூக்கிவிட்டாள்.

விலை சொன்னாள். மருமகன் ஏற்றினான். அவளும் ஏற்றினாள். முந்தானை முடிச்சில் அன்பியத்துக் காசு மட்டும்தான் இருந்தது. அது எங்கே போய்ச் சேர வேண்டியதோ அங்கேதான் போகிறது என்று அந்த நேரத்தில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மருமகன் சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தான்.

"அம்மாவே எடுத்துக்கிட்டாங்க! தன் பொருளைத் தானே விலை குடுத்து வாங்கற மனசு யாருக்கு வரும்? சூசையப்பர் அன்பியத்துக்கு ஒரு கை தட்டுங்க!" என்றார் மரியசூசை சார்.

எல்லோரும் தட்டினார்கள். ஃபாதர் பிரகாசம் பக்கத்தில் வந்து, "மனசுல வச்சிக்காதீங்கம்மா, கடைசி நேரத்துல ஒண்ணும் செய்ய முடியல. அடுத்த தடவை முன்னாடியே எல்லாரோடயும் கலந்து பேசிக்கலாம்," என்றார். அவள் "சரி ஃபாதர்" என்றாள். அது பழக்கம். வாயில் வேறு வார்த்தை வராது.

ஷூவைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினாள். காலனிப் பொம்பளைகள் வழியில் நிறுத்தி, ஆயர் என்ன சொன்னார், சிலுவை போட்டாரா என்று கேட்டார்கள். போட்டார் என்றாள். இன்பராஜ் ஏன் பாதியில் வந்துவிட்டான் என்று கேட்டார்கள். கால் வலி என்றாள்.

அவன் சட்டையை மடித்து வைத்துவிட்டு, லுங்கியோடு அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். அவள் துணியை அவிழ்த்து ஷூவை அவன் முன்னால் வைத்தாள். மருமகன் நகம் பட்ட இடம் வெளுத்துத் தெரிந்தது.

"எடுத்தாந்துட்டேன்யா. ஏலத்துல உட்டாங்க. அந்த ஆளு மருமவன் கையில போவ உடல நான்."

"துட்டு?"

"அன்பியத்துது. நான் ஓவர்டைம் பாத்துக் கட்டிருவேன்."

அவன் ஷூவைத் தொடவில்லை. அரிந்த வெங்காயத்தைச் சட்டியில் போட்டான்.

"திட்டுய்யா," என்றாள். "எதனா சொல்லு. அந்த மரியசூசைய நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேக்கணும்னுதான் இருந்தேன். வாயே வரல. அவன் நல்லா இருப்பானா? இவ்ளோ ஒழச்சிக் கொண்டுபோயி, அத்த செருப்புங்களோட..."

"அவன ஏன் பேசறே? அவன் தடுப்பான். ஒயர்னு சொன்னான், ரோடுன்னு சொன்னான், இப்ப இது. எனக்கு அது புதுசா?"

"பின்ன ஏன் சொல்லாம வந்துட்டே?"

அவன் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினான். கோபம் இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்தால் அவளுக்கு அது பழகினதுதான், எப்படியாவது ஆற்றிவிடுவாள்.

"நீ ஏன் அமலு அந்தத் தட்ட வாங்கினே?"

"கையில திணிச்சிட்டான்யா."

"திணிச்சான். சரி. ஏன் நடந்தே?"

"பேர் சொல்லிக் கூப்ட்டாங்க. மைக்ல. எல்லாரும் பாத்துனு இருந்தாங்க, எப்படித் திரும்பறது?"

"நானும்தான் பாத்துனு இருந்தேன்," என்றான் இன்பராஜ்.

பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, அவளுக்குத் தட்டை எடுத்து வைத்தான். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.